காரணம் கேட்காத வகுப்பறை: மனவடு அறிந்த கற்பித்தல் குறித்து ஒரு பதில்

இலங்கையின் வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவரின் கேள்வி இது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மாவட்டவாரியாக இறந்தோர் தொகையை ஒரு பயிற்சிக்கான தரவாக அவர் திரையில் காட்டியபோது, இரண்டாம் வருட மாணவி ஒருவர் எழுந்து வெளியே போயிருக்கிறார். அதன்பின் இரண்டு கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. "அந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தையாகத்தானே இருந்திருப்பார்? இதில் மனவடு எங்கே வந்தது? பயிற்சிப்பட்டறை ஒன்றில் 'மனவடு அறிந்த கற்பித்தல்' என்று நிறையச் சொன்னார்கள். நான் உளவளத்துணையாளன் அல்லன், கணக்குப் படிப்பிப்பவன். அவர்கள் சொன்னதை எல்லாம் கடைப்பிடித்தால் தரம் இறங்கிவிடாதா?" என்று அவர் கேட்கிறார்.

அந்த மாணவி ஏன் எழுந்து போனார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருக்கலாம், வயிற்றுவலியாக இருந்திருக்கலாம், திரையில் தெரிந்த அட்டவணையின் ஏதோ ஓர் எண்ணுக்குள் அவருடைய பெரியம்மாவோ அண்ணனோ இருந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை என்று நீங்கள் எண்ணுவதாகக் கேள்வியின் தொனியிலிருந்து தெரிகிறது. நான் சொல்லப்போவது அதற்கு நேர்மாறானது. காரணத்தை அறியாமலே, அறிய முற்படாமலே, அப்படிப்பட்ட ஒரு பிள்ளை திரும்பி வந்து அமரக்கூடிய ஒழுங்குகளை வகுப்பில் முன்கூட்டியே செய்துவைப்பதைத்தான் மனவடு அறிந்த கற்பித்தல் என்கிறார்கள். காயத்தைத் திறந்து காட்டினால்தான் கரிசனை கிடைக்கும் என்ற ஏற்பாடு இருக்கும் இடத்தில், மிக ஆழமாகக் காயப்பட்டவர்களே முதலில் விலகிப் போய்விடுவார்கள்.

இந்தச் சிந்தனை மருத்துவமனைகளிலும் சமூகசேவை நிலையங்களிலும் பிறந்தது. வகுப்பறைக்குப் பின்னரே வந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் அனுபவம் தந்த அழுத்தத்தினாலும், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது. 2001 இல் அமெரிக்க உளவியலாளர்களான மாக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகிய இருவரும் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தெளிவாக்கினார்கள். மனவடுவுக்குச் சிகிச்சை அளிப்பது ஒன்று. தம்மிடம் வருபவர்களில் பலர் மனவடு உடையவர்கள் என்பதை மனதிற்கொண்டு, அதை மீண்டும் கீறிவிடாதபடி தன் நடைமுறைகளை ஒரு நிறுவனம் திருத்திக்கொள்வது வேறொன்று. முதலாவதற்குப் பயிற்சி பெற்ற நிபுணர் தேவை. இரண்டாவதை வாயிற்காவலரும் எழுதுவினைஞரும் கணக்கு ஆசிரியரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். அமெரிக்க அரசின் போதைப்பொருட் பாவனை மற்றும் உளநலச் சேவைகளுக்கான நிர்வாகம் 2014 இல் இதை ஆறு கோட்பாடுகளாக வகுத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவற்ற நம்பகம், ஒத்த அனுபவமுள்ளோரின் துணை, கூடிச் செயற்படல், குரலுக்கும் தெரிவுக்கும் இடம், பண்பாடு வரலாறு பால்நிலை பற்றிய உணர்வு என்பன அவை. உயர்கல்வி பற்றி இன்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த ஆறையே எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். பட்டறையில் உங்களுக்கு வழங்கிய தாளிலும் இவைதாம் இருந்திருக்கும்.

பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டவர்கள் எல்லாம் தேறியவர்கள், காயப்பட்டவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள் என்று ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000 க்கும் மேற்பட்ட வயதுவந்தவர்களிடம் அவர்களுடைய சிறுபராயத் துன்பங்களைக் கேட்டு நடத்தப்பட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. மருத்துவக் காப்புறுதி உடைய, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தவரான, நால்வரில் ஏறத்தாழ மூவர் கல்லூரி வாசலை மிதித்தவரான அந்தக் கூட்டத்திலேயே, மூன்றில் இரண்டு பங்கினர் அடி, வன்முறை, புறக்கணிப்பு, வீட்டில் குடிபோதை போன்றவற்றில் ஒன்றையேனும் அனுபவித்திருந்தார்கள். போர் எதையும் காணாத ஊரின் கதை அது.

இப்போது 'கைக்குழந்தை' என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். ஆழிப்பேரலையின்போது அவர் கைக்குழந்தை என்பது சரி. ஆனால் போர் முடிந்த 2009 மே மாதத்தில் அவருக்கு ஐந்து வயதளவில் இருந்திருக்கும். வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டிருந்த காலம் அது. உங்கள் மாணவர்களில் சிலர் ஆண்டு ஒன்றின் அரிச்சுவடியைக் கூடாரத்துக்குள் இருந்து படித்திருக்கக்கூடியவர்கள். அத்தோடு, நினைவில் இல்லாத இழப்பும் வீட்டில் வளர்வதுதான். மார்கழி 26 வந்தால் அம்மா யாரோடும் கதைக்கமாட்டார் என்பதை மட்டும் அறிந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அலையைப் பார்த்த நினைவு தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் மருத்துவபீடப் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரும் ஆழிப்பேரலையும் தந்த காயத்தைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்கும் கூட்டு மனவடுவாகப் பார்க்கவேண்டும் என்று தொடர்ந்து எழுதியவர். அவநம்பிக்கை, சந்தேகம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல் ஆகியவற்றை அதன் அடையாளங்களாக அவர் குறித்தார். மேலைநாட்டுக் கையேடுகளில் இருப்பதை விட நமது வகுப்பறைகளுக்கு இது நெருக்கமானது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பட்டியலில் மௌனத்தை எடுத்துக்கொள்வோம். நம் விரிவுரையாளர்கள் தேநீர்ச்சாலையில் கூடினால் தவறாமல் எழும் முறைப்பாடு, "பிள்ளைகள் வாயே திறக்கிறார்கள் இல்லை" என்பதுதான். கேள்வி கேட்டால் தலையைக் குனிகிறார்கள். கருத்துக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள். விளங்கியதா என்றால் எல்லோரும் ஆம் என்கிறார்கள், பரீட்சையில் பார்த்தால் எவருக்கும் விளங்கியிருப்பதில்லை. இதைச் சோம்பல் என்றும், தனியார் கல்வி நிலையங்களில் குறிப்பெழுதிப் பழகியதன் விளைவு என்றும் விளக்குகிறோம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எத்தனையோ வீடுகளில், "கண்டதைக் கேட்டதை வெளியில் போய்ச் சொல்லாதே" என்பது பிள்ளைக்கு உயிர்காக்கும் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. யார் யாருக்குச் சொல்வார் என்று தெரியாத இடத்தில் வாய் திறவாதிருப்பது அறிவு. இருபது வருடம் அப்படி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளையிடம், எண்பது பேருக்கு முன்னால், பெயர் சொல்லி எழுப்பி, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்கும்போது நாம் கேட்பது கணக்கைப் பற்றிய கேள்வியாக அவருக்குப் படுவதில்லை. நான் இப்போது அப்படி எழுப்புவதில்லை. கேள்வியைப் பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் தாளில் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடச் சொல்லி, பின்னர் விரும்பியவர் சொல்லலாம் என்கிறேன். தாள்களைப் பெயரில்லாமலே சேர்த்துக்கொள்கிறேன். பேசுபவர் தொகை முதல் மாதத்தில் கூடவில்லை; மூன்றாம் மாதத்தில் கூடியது.

உடம்பில் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்தை அறிவிக்கும் மணி ஒருவருக்குள் அடிக்கடி அடித்துக்கொண்டிருந்தால், அவருடைய கவனம் அறையின் வாசலிலும் சத்தங்களிலும் ஆட்களின் முகங்களிலும் செலவாகிவிடுகிறது. இரவுத் தூக்கமும் கெட்டிருக்கும். தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலைக் கணிக்க, சராசரியிலிருந்து விலகல், விலகலின் வர்க்கம், வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று மூன்று படிகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க வேண்டும். வெளியே ஜெனரேட்டர் திடீரென்று உறுமும்போது இரண்டாவது படி கைநழுவிப் போய்விடும் ஒருவருக்குத் திறமை குறைவு என்று முடிவுகட்டுவது பிழையான அளவீடு. படிகளைப் பலகையின் ஓர் ஓரத்தில் அழிக்காமல் விட்டுவைப்பது, ஒவ்வொரு விரிவுரையையும் ஒரே வகையில் தொடங்கி ஒரே வகையில் முடிப்பது, அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வது ஆகியவை சின்ன வேலைகள்தாம். ஆனால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்த இடத்தில் அந்த மணி அடங்கியிருக்கும்.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர் எனது வகுப்பில் ஒரு மாணவர் எப்போதும் கதவோரத்துக் கடைசி வாங்கிலேயே இருப்பார். முன் வரிசைகள் காலியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. "முன்னுக்கு வந்து இரும் தம்பி" என்றேன். "இல்லை சேர், நான் இதிலேயே இருக்கிறன்" என்றார். அதைப் பணிவின்மை என்று எடுத்துக்கொண்டு நான் விடாப்பிடியாக நின்றேன். வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். அந்த ஒரு மணித்தியாலமும், ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒருதரம், தோளுக்கு மேலால் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியில் தலைப்பைத் தவிர எதுவும் இல்லை. அடுத்த கிழமை அவர் வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யார் எங்கே இருப்பது என்பதை நான் தீர்மானிக்க வேண்டிய தேவை அன்றைக்கும் இருக்கவில்லை.

வகுப்பறையை விட அதிகமாக வடுவைக் கீறுவது அலுவலகம் என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு கேட்கப்படுகிறது. வராத நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில் தந்தையின் பெயர், தொழில், வருமானம், உயிரோடில்லாவிட்டால் மரணச் சான்றிதழ் என்று கட்டங்கள் இருக்கும். தந்தை காணாமலாக்கப்பட்டவரானால் அந்தக் கட்டத்தில் பிள்ளை எதை எழுதுவார்? 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறும் வழி திறந்தது. ஆனாலும் மரணச் சான்றிதழ் எடுத்தால் கணவரைத் தாமே கொன்றதாகிவிடும் என்று எதையும் எடுக்காமல், இன்றும் பொட்டு வைத்துக்கொண்டு, அந்தியேட்டி செய்யாமல் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டக் கொட்டகைகளில் அமர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நமது மாணவர்கள்தாம். கவுண்டரில் நின்று, பின்னால் வரிசையில் இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்க, "அப்பா செத்திட்டாரா இருக்கிறாரா, ஒன்றைச் சொல்லும்" என்று ஒரு பிள்ளையிடம் கேட்கப்படுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கேட்ட எழுதுவினைஞர் கொடியவர் அல்லர்; படிவத்தில் இரண்டு கட்டந்தான் இருந்தது. மூன்றாவது கட்டமொன்றைச் சேர்ப்பதும், தனியே ஒரு கதிரை போட்டு அந்த விபரத்தைக் கேட்பதும் செலவில்லாத காரியங்கள். பீடக் கூட்டத்தில் உங்களால் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது அதிகம் இல்லை. அங்கே இருக்கும்போதே, இடைப்பரீட்சைகளை, போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18 இல் வைக்கவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

தரம் இறங்கும் என்ற உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இரக்கத்தின் பெயரால் தரம் இறக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். 'பாவம், வன்னிப்பிள்ளை' என்று சித்தியடையச் செய்துவிடுகிற ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குச் செய்வது உதவியாகாது. உன்னால் இயலாது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் புள்ளியில் சொல்கிறார். நான் கடைப்பிடிக்கும் எல்லை இதுதான்: என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அசைவில்லை, எப்போது எந்த வழியால் அதைக் காட்டலாம் என்பதில் இடம் உண்டு. எனது பாடத்தில் ஓர் அரையாண்டில் எந்த மாணவரும் இரண்டு தடவை ஒப்படையை மூன்று நாள் தாமதித்துத் தரலாம். விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, காரணம் கேட்பதில்லை. மூன்றாவது தடவையிலிருந்து வழமையான விதி. இதை முதல் வகுப்பிலேயே எழுதிக்கொடுத்துவிடுகிறேன். முன்னர், தயக்கமில்லாமல் என் அறைக் கதவைத் தட்டக்கூடிய, நன்றாகக் கதைக்கக்கூடிய பிள்ளைகளே தவணை நீடிப்புப் பெற்றுக்கொண்டார்கள். உண்மையில் தேவையாக இருந்தவர்கள் கேட்காமலே பூச்சியம் வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்ற வகையில் இப்போதைய ஏற்பாடு முன்னையதை விடக் கண்டிப்பானது.

அந்த ஆழிப்பேரலைத் தரவைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். இறப்புகளை எண்ணுவது புள்ளிவிபரவியலின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. எண்ணப்படாமல் விடப்படுவதும் ஒரு கொடுமை என்பதை நம்மைப்போல் அறிந்தவர்கள் சிலரே. ஆனால் நியம விலகல் பயில்வதற்கு நெல் விளைச்சற் தரவும் போதும். இறந்தோர் தொகையைப் பயன்படுத்துவதானால், அது ஏன் இங்கே தேவை என்ற காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். முதல் நாளே வட்ஸ்அப்பில் "நாளை ஆழிப்பேரலை இறப்புத் தரவைப் பார்ப்போம், வேறொரு தரவுத்தொகுதியும் இருக்கிறது, விரும்பியதில் கணிக்கலாம்" என்று சொல்லிவிட வேண்டும். இத்தகைய முன்னறிவிப்பை ஒரு மருந்தாக நம்பிவிடாதீர்கள். விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் சக ஆய்வாளர்களும் 2023 இல் முன்னைய பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, எச்சரிக்கை வாசகங்கள் பின்னர் வரும் மனத்துயரைக் குறைக்கவில்லை என்றும், பார்க்கும் முன்னரான பதற்றத்தைக் கூட்டின என்றும் கண்டார்கள். பார்ப்பதைத் தவிர்க்கும்படியும் அவை செய்யவில்லை. எனவே சிவப்பு எழுத்தில் 'எச்சரிக்கை' என்று போடுவதில் பயன் இல்லை. நான் சொல்வது நாளைய பாடம் எது என்று சாதாரண குரலில் தெரிவிப்பதும், மாற்றுவழி ஒன்றை உண்மையாகவே கையில் வைத்திருப்பதுமே.

கலைப்பீடத்திலும் கல்வியியலிலும் இருக்கும் நண்பர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மனவடு பற்றிப் படிப்பிப்பதை மனவடு அறிந்து படிப்பிப்பதாக அவர்கள் மயங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஜானிஸ் கரெல்லோ, லீசா பட்லர் ஆகிய இருவரும் 2014 இல் அழுத்தமாக எடுத்துக்காட்டினார்கள். மாணவரை அவருடைய துயரக் கதையை எழுதவைப்பது, வட்டமாக இருந்து பகிரவைப்பது, பிறகு அதற்குப் புள்ளியும் போடுவது ஆகியவற்றால் காயம் ஆறும் என்று நம்பும் ஆசிரியர்கள், தங்களிடம் இல்லாத ஒரு சிகிச்சைத் திறனை இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வருட ஆங்கில வகுப்பில் 'எனது குடும்ப மரம்' வரையச் சொல்வதும் இந்த வகையே. 'எனக்குத் தெரிந்த ஒரு மரம்' என்றும் வரையச் சொல்லலாம். ஆங்கில இலக்கணம் இரண்டிலும் ஒன்றுதான்.

எல்லா மாணவரையும் நோயாளியாகப் பார்க்கத் தொடங்குவதும் தவறுதான். கொடிய அனுபவங்களுக்கு உள்ளானவர்களில் பெரும்பாலானோருக்கு மனவடு நோய் ஏற்படுவதில்லை. அவர்களுடைய குடும்பமும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நட்பும் அவர்களைத் தாங்கியிருக்கின்றன. இன்னொன்று: வடு ஒரு சமூகத்தின் தனிச்சொத்து அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், எல்லைக்கிராமங்களிலிருந்து வரும் சிங்கள மாணவர்கள், தோட்ட லயன்களிலிருந்து வரும் மலையக மாணவர்கள் எல்லோரும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். காரணம் கேட்காத ஒழுங்கு அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கமின்றிப் பயன்படும்.

இத்தனையையும் செய்துவிட்டு, புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் பகிடிவதையைக் கண்டும் காணாமல் இருந்தால் எதுவும் மிஞ்சாது. சொல்லிலேயே பகிடி முன்னாலும் வதை பின்னாலும் நிற்கிறது. நமது வளாகங்களில் பலர் முன்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அதைக் குற்றமாக்கிக் கால்நூற்றாண்டுக்கு மேலாகிறது. இராணுவச் சோதனைச்சாவடியில் கைகட்டி நின்ற தகப்பனின் மகனை, முதற்கிழமையிலேயே விடுதி முற்றத்தில் கைகட்டித் தலைகுனிந்து நிற்கவைக்கும் ஓரிடம், சுவரில் உளநலச் சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பொருள்? மேடையில் நின்று பிள்ளையின் ஆங்கில உச்சரிப்பைக் கேலிசெய்யும் விரிவுரையாளரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

நீங்கள் உளவளத்துணையாளர் அல்லர் என்பது உங்களுக்கு ஒரு காப்பு, அதை விட்டுவிடாதீர்கள். யாரும் தானாக வந்து எதையாவது சொன்னால், கேளுங்கள், விபரம் துருவாதீர்கள், தீர்வு சொல்லாதீர்கள். "சொன்னது நல்லது. இதைத் தனியச் சுமக்க வேண்டாம், மாணவர் ஆலோசகரிடம் நானும் கூட வரட்டுமா?" என்பது போதும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் காத்திருக்கக்கூடாது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் பெரியாஸ்பத்திரியின் உளமருத்துவப் பிரிவும் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். நம்மிற் பலரும் அதே இடப்பெயர்வுகளால் வந்தவர்கள் என்பதால், கேட்ட கதை இரவில் நமது தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். அது நடந்தால் ஒரு சக விரிவுரையாளரோடு, மாணவரின் பெயரைச் சொல்லாமல், கதைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மாணவி. நண்பிகளிடம் விசாரிக்காதீர்கள், அவர் திரும்பி வரும் நாளில் வகுப்புக்கு முன்னால் "எங்கே போனீர்?" என்று கேட்காதீர்கள், அன்றைய தரவுக்காக உணர்ச்சிவசப்பட்டு மன்னிப்பும் கேட்காதீர்கள், அது அவரை மீண்டும் அந்த அட்டவணைக்கு முன்னால் நிறுத்தும். நானாக இருந்தால் இன்று மாலையே இவ்வளவை எழுதி அனுப்புவேன்: "பிள்ளை, இரண்டு கிழமையாக வகுப்பில் காணவில்லை. நான்கு விரிவுரைகளின் குறிப்பு துறை அலுவலகத்தில் இருக்கிறது. ஒப்படையை அடுத்த வெள்ளி வரை தரலாம். அதற்கு இரண்டு தரவுத்தொகுதிகள் உண்டு, விரும்பியதை எடுக்கலாம். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. கதைக்க விரும்பினால் புதன் பின்னேரம் இரண்டு முதல் நான்கு வரை அறையில் இருப்பேன், கதவு திறந்திருக்கும்." பதில் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை, இதைவிடச் சுருக்கமாக. அதற்கும் பதில் இல்லையென்றால் மாணவர் ஆலோசகருக்கு வரவு விபரத்தை மட்டும் தெரிவியுங்கள். திரும்பி வந்தால், மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல அவருக்கும் தாளைக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடருங்கள்.